வயிற்றுப் புண் இருந்தவருக்கு எந்த மனச்சோர்வு மருந்து?

மருந்தகச் சாளரத்தின் முன் மஞ்சள் பை ஒன்றைக் கவிழ்த்தார் அந்த அம்மா. வயது 58. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பையிலிருந்து விழுந்தவை இவை: முழங்கால் வலிக்கு வாங்கிய அசெக்ளோஃபினாக் அட்டை, பாதி தீர்ந்தது, இதயத்துக்காக எழுதப்பட்ட 75 மில்லிகிராம் ஆஸ்பிரின், சிறுநீரைக் கூட்டும் மருந்து கலந்த இரத்த அழுத்த மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, வயிற்று அமிலத்தைக் குறைக்க எடுத்து எப்போதோ நிறுத்திவிட்ட பான்டோபிரசோலின் வெற்று அட்டை. இவற்றுடன் மனநல மருத்துவர் அன்று புதிதாக எழுதிய சீட்டும் இருந்தது: செர்ட்ராலின் 50 மில்லிகிராம், காலை உணவுக்குப் பின் ஒன்று. "ஆறு வருஷத்துக்கு முன்னாடி அல்சர் வந்து ரத்த வாந்தி எடுத்தவ சார் நான். இந்த மாத்திரை வயித்துக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு முறையாவது வருகிறது. கேட்பவரின் கையில் பெரும்பாலும் இரண்டு விதமான அறிவுரைகள் இருக்கும். குடல் நோய் மருத்துவர் செர்ட்ராலின் வகை மருந்துகளைத் தவிர்ப்பது நல்லது என்று சொல்லியிருப்பார். மனநல மருத்துவர் அதுதான் முதல் தேர்வு என்று சொல்லியிருப்பார். இருவர் சொன்னதிலும் உண்மை இருப்பதால்தான், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

செர்ட்ராலின், ஃப்ளூவாக்சடின், எஸ்சிட்டலோபிராம், பராக்சடின் ஆகியவை எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகையைச் சேர்ந்தவை. நரம்பணுக்கள் வெளியிட்ட செரட்டோனினை அவை திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாயிலை இம்மருந்துகள் அடைக்கின்றன. அதே வாயில் இரத்தத்திலுள்ள தட்டணுக்களிலும் இருக்கிறது என்பதே இங்கு முக்கியம். தட்டணுவால் செரட்டோனினைத் தானே உற்பத்தி செய்துகொள்ள முடியாது. உடலின் செரட்டோனினில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குடலில்தான் உருவாகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலப்பதைத் தட்டணு அந்த வாயில் வழியே உள்ளிழுத்துச் சேமித்து வைத்துக்கொள்கிறது. எங்கேனும் இரத்தக் குழாய் கிழிந்தால், முதலில் வந்து ஒட்டும் தட்டணுக்கள் இந்தச் சேமிப்பைக் கொட்டி மற்றத் தட்டணுக்களைக் கூட்டுகின்றன, குழாயும் சுருங்குகிறது. வாயிலைச் சில வாரங்கள் அடைத்து வைத்தால் சேமிப்பு வற்றிவிடும். அப்போது உருவாகும் அடைப்பு வலுவற்றதாக இருக்கும். நல்ல வயிறு உள்ளவருக்கு இதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அடியில் இரத்தக் குழாய் திறந்திருக்கும் புண் ஒன்று ஏற்கெனவே இருப்பவருக்கோ, நின்றிருக்க வேண்டிய கசிவு நிற்காமல் போகக்கூடும். ஆகவே, இம்மருந்துகள் தாமே வயிற்றை அரித்துப் புண் உண்டாக்குகின்றன என்று பலரும் எண்ணுவது பெரும்பாலும் தவறு. புண் உண்டாவதற்கு முதன்மையான காரணங்கள் வேறு இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும், அசெக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளும்.

எவ்வளவு ஆபத்து என்ற கேள்விக்கு 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு முதல் தெளிவான விடையைத் தந்தது. பிரிட்டனின் பொது மருத்துவர்களின் பதிவேடுகளிலிருந்து, மேல் செரிமானப் பாதையில் இரத்தக்கசிவு கண்ட 1,651 பேரை 10,000 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழுவுடன் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். கசிவு கண்டவர்களில் 3.1 விழுக்காட்டினரும், மற்றவர்களில் 1 விழுக்காட்டினரும் எஸ்எஸ்ஆர்ஐ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கிட்டபோது ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று வந்தது. எஸ்எஸ்ஆர்ஐயுடன் வலி மாத்திரையும் சேர்ந்தபோது அது 15 மடங்கைத் தாண்டியது. பின்னர் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியிடப்பட்ட தொகுப்பு, எஸ்எஸ்ஆர்ஐயின் தனி ஆபத்தை 1.66 மடங்கு என்றும், வலி மாத்திரையோடு சேர்ந்தால் 4.25 மடங்கு என்றும் கணித்தது. எண்கள் குறைந்தாலும் படம் மாறவில்லை. தனியாக இருக்கும்போது சிறிய ஆபத்து. வலி மாத்திரையோடு கூடும்போது கவலைப்பட வேண்டிய ஆபத்து.

மடங்குக் கணக்கு மட்டும் சொன்னால் அச்சம்தான் மிஞ்சும் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 1999ஆம் ஆண்டு ஆய்வின்படியே, எழுதப்படும் ஏறத்தாழ 8,000 எஸ்எஸ்ஆர்ஐ சீட்டுகளுக்கு ஒரு கூடுதல் இரத்தக்கசிவு நிகழ்கிறது. மூட்டுவலிக்கு யாரையும் கேட்காமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஐபுபுரூஃபெனும் குறைந்த அளவில் ஏறத்தாழ இதே ஆபத்தைத்தான் தருகிறது. மனச்சோர்வு மாத்திரை என்றதும் பத்து கேள்வி கேட்கும் குடும்பங்கள், வலி மாத்திரையை எண்ணாமல் விழுங்குவதை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

எஸ்எஸ்ஆர்ஐ எல்லாமே இதில் ஒரே அளவு அல்ல. வாயிலை இறுக அடைப்பவை ஃப்ளூவாக்சடின், பராக்சடின், செர்ட்ராலின். எஸ்சிட்டலோபிராம் சற்றே மிதமானது. ஆனால் புண் இருந்தவருக்கு ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கும் அளவுக்கு அந்த வேறுபாடு பெரியதல்ல என்பது என் கருத்து. எந்த அமிலக் குறைப்பு மாத்திரையோடு அது சேர்கிறது என்பதே நடைமுறையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும், அதே எஸ்எஸ்ஆர்ஐ வகையைச் சேர்ந்த சிட்டலோபிராமையும் எஸ்சிட்டலோபிராமையும் கல்லீரலில் சிதைக்கும் நொதியைத் தடுத்து, இரத்தத்தில் அவற்றின் அளவைக் கூட்டிவிடும். அளவு கூடினால் இதயத்தின் மின்னோட்டத்தில் சிக்கல் வரலாம் என்பதால், ஒமிப்ரசோலோடு சேர்க்கும்போது சிட்டலோபிராம் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது. பான்டோபிரசோலிலோ ரபீப்ரசோலிலோ இந்தத் தொல்லை குறைவு. தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் எடுக்கும் இதய நோயாளிக்கு ஃப்ளூவாக்சடின் எழுதும்போதும் எச்சரிக்கை தேவை. குளோபிடோக்ரெலை உடலுக்குள் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை ஃப்ளூவாக்சடின் தடுக்கிறது.

அமிலக் குறைப்பு மாத்திரையைத் துணைக்குச் சேர்த்தால் என்னவாகும் என்பதை அந்த 1999ஆம் ஆண்டு ஆய்வை நடத்திய ஸ்பானிய ஆய்வாளர் 2008இல் மீண்டும் பிரிட்டன் தரவுகளைக் கொண்டு பார்த்தார். அமிலக் குறைப்பு எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் எஸ்எஸ்ஆர்ஐயால் வரும் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் காணப்படவில்லை. அமிலம் குறைந்த வயிற்றில் இரத்த உறைவு கரையாமல் நிற்பதும், புண் ஆறுவதும் இதற்குக் காரணம். என் பார்வையில், இந்த ஒப்பீடு முழுவதிலும் முடிவைத் தீர்மானிக்கும் செய்தி இதுதான். காரணம், மாற்றாகச் சொல்லப்படும் மற்ற வழிகளெல்லாம் ஒவ்வொரு விலையைக் கேட்கின்றன.

முதலில், டிரைசைக்ளிக் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகள். அமிட்ரிப்டிலின், டாக்சபின், ட்ரைமிப்ரமின், இமிப்ரமின் ஆகியவற்றுக்கு வயிற்றுப் புண் வரலாற்றில் ஒரு சுவையான இடம் உண்டு. சிமெடிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வருவதற்கு முன்பு, அமிலத்தைத் திறம்படக் குறைக்க ஏற்ற மாத்திரை கிடையாது. பாலும் பத்தியமும் அமிலமுறிப்பிகளும் அறுவையும்தான் வழி. டிரைசைக்ளிக் மருந்துகள், அமிலச் சுரப்பைத் தூண்டும் அசிட்டைல்கோலினையும் ஹிஸ்டமினையும் ஓரளவு தடுப்பதால் அமிலச் சுரப்பு குறையக் கூடும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். நார்வேயில் ட்ரைமிப்ரமினைக் கொண்டு எண்டோஸ்கோப்பி வழியே புண் ஆறுவதை அளந்த சோதனைகள் நடந்தன. 1980களில் டாக்சபினை நேரடியாகச் சிமெடிடினோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். புண் ஆறவும் செய்தது. எலிகளில் இண்டோமெத்தசின் என்ற வலி மருந்தைக் கொடுத்து உண்டாக்கிய புண்ணையும் இந்த வகை மருந்துகள் பல தணித்ததாக ஆய்வகங்கள் காட்டின. இதையெல்லாம் படித்தவர், வயிற்றுப் புண் உள்ள மனச்சோர்வாளருக்கு அமிட்ரிப்டிலின் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று முடிவு கட்டிவிடலாம். நானும் படிப்பு முடித்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அந்தப் பெருமை, அமிலத்தை அடக்கும் வேறு மருந்து இல்லாத காலத்துக்கு உரியது. 1980களின் இறுதியில் ஒமிப்ரசோல் வந்த பிறகு, புண்ணை ஆற்ற டிரைசைக்ளிக்கைத் தேடவேண்டிய தேவை போய்விட்டது. பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் கிருமியை வளர்த்துக் காட்டிய பிறகு, புண்ணைப் பற்றிய கணக்கே மாறியது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மறுபுறம், டிரைசைக்ளிக்கின் விலை அப்படியே இருக்கிறது: வாய் உலர்தல், மலச்சிக்கல், ஆண்களில் புராஸ்டேட் வீங்கியிருந்தால் சிறுநீர் அடைப்பு, கண் அழுத்த நோய் மோசமாதல், முதியவர்களில் தலைசுற்றி விழுதல். இதயக் கோளாறு உள்ளவருக்குத் துடிப்பு குலையக்கூடும். அளவு மிஞ்சினால் உயிருக்கு ஆபத்து என்பதில் டிரைசைக்ளிக் எஸ்எஸ்ஆர்ஐயைவிடப் பன்மடங்கு மோசம். மனச்சோர்வின் கடுமையில் இருப்பவரின் வீட்டில் ஒரு மாத அட்டையை மொத்தமாகக் கொடுத்தனுப்பும்போது இதை மறக்க முடியாது. ஆஸ்பிரின் எடுக்கும் அந்த 58 வயது அம்மாவுக்கு, இரத்தக்கசிவுக்கு அஞ்சி அமிட்ரிப்டிலினை முழு அளவில் எழுதுவது, கிணற்றுக்குப் பயந்து குளத்தில் விழுவதைப் போன்றது.

அமிட்ரிப்டிலினுக்கு நியாயமான இடம் வேறொன்று உண்டு. அதை இங்கே சொல்லாமல் விட்டால் ஒப்பீடு குறைபடும். நம்மிடையே 'அல்சர்' என்று சொல்லிக்கொள்பவர்களில் கணிசமானோருக்கு எண்டோஸ்கோப்பியில் புண்ணே இருப்பதில்லை. சாப்பிட்டவுடன் வயிறு நிரம்பிய உணர்வு, நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், 'கேஸ் டிரபிள்' என்ற பெயரில் நெடுநாள் உழல்பவர்கள் அவர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தகைய 292 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனையில், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் எடுத்தவர்களில் 53 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 40 விழுக்காட்டினருக்கும், எஸ்சிட்டலோபிராம் எடுத்தவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் போதிய நிவாரணம் கிடைத்தது. புண் போன்ற வலி முதன்மையாக இருந்தவர்களுக்கே அமிட்ரிப்டிலினின் பயன் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே புண் இருக்கிறதா, புண் போன்ற வலி மட்டுமா என்று முதலில் தெரிந்துகொள்வது, எந்த மருந்து என்ற தேர்வையே புரட்டிப் போடும். புண்ணே இல்லாதவர் எஸ்எஸ்ஆர்ஐயைக் கண்டு அஞ்சத் தேவையில்லை.

இதனோடு தொட்ட ஓர் எச்சரிக்கை: ரபீப்ரசோலும் லெவோசல்பிரைடும் கலந்த காப்சூல்கள் நம் ஊர்களில் எரிச்சலுக்கும் கேஸுக்கும் தாராளமாக எழுதப்படுகின்றன. லெவோசல்பிரைட் மனநோய் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. முதியவர்களில் கை நடுக்கம், உடல் விறைப்பு போன்றவற்றை அது உண்டாக்கும். அந்த நடுக்கத்தையும் சோர்வையும் மனச்சோர்வின் அறிகுறி என்று எண்ணி இன்னொரு மருந்தை மேலே சேர்ப்பது நடக்கிறது. பையைக் கவிழ்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

அடுத்து, செரட்டோனின் வாயிலைத் தொடாத மருந்துகள்: மிர்டாசபினும் புப்ரோபியானும். தட்டணுவின் சேமிப்பை இவை காலி செய்வதில்லை என்பதால், கோட்பாட்டளவில் இரத்தக்கசிவுக்கு அஞ்சுபவருக்கு இவைதான் பொருத்தம். ஆனால் எஸ்எஸ்ஆர்ஐக்கு இருப்பதைப் போன்ற பெரிய தரவுகள் இவற்றுக்குப் பின்னால் இல்லை. மிர்டாசபின் இரவில் உறக்கத்தைத் தரும், குமட்டலை அடக்கும், பசியைத் தூண்டும். வயிற்று நோயால் சாப்பிடாமல் மெலிந்து, உறக்கமும் இழந்த மனச்சோர்வாளருக்கு இந்த மூன்றும் வரமாக அமையும். நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவருக்கு அதே பசி சுமையாகிவிடும். புப்ரோபியான் நேர்மாறு: உறக்கத்தைக் கெடுக்கலாம், பசியைக் குறைக்கலாம், வலிப்பு வந்த வரலாறு உள்ளவருக்கு ஆகாது. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவெதிர் மருந்தை நிறுத்தவே முடியாதவர், அல்லது அண்மையில் புண்ணிலிருந்து கசிந்து மருத்துவமனையிலிருந்து வந்தவர் என்றால், என் தேர்வு மிர்டாசபின் பக்கம் சாயும்.

வென்லாஃபாக்சினையும் டியூலாக்சடினையும் இந்த வகையில் சேர்த்துப் பலர் குழம்புகிறார்கள். இவையும் செரட்டோனின் வாயிலை அடைப்பவையே. புண் விஷயத்தில் எஸ்எஸ்ஆர்ஐயைவிடப் பாதுகாப்பானவை அல்ல. ஆனால் டியூலாக்சடினுக்கு ஒரு தனிப் பயன் உண்டு. நாட்பட்ட முழங்கால் வலிக்கும் அது பயன்படுவதால், அதைத் தொடங்கி அசெக்ளோஃபினாக்கை முழுவதுமாக நிறுத்திவிட முடிந்தால், மொத்தக் கணக்கில் வயிற்றுக்கு நன்மையாகவே முடியலாம். நிறுத்த முடியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் மோசமான கூட்டணிக்கு நாமே வழி செய்தவர்களாவோம்.

மருந்தே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. மனச்சோர்வு மிதமானதாக இருந்து, பயிற்சி பெற்ற உளவியலாளரின் தொடர் உரையாடல் சிகிச்சை எட்டும் தூரத்தில் கிடைத்தால், அதையே முதலில் முயல்வதில் தவறில்லை. வயிற்றுக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. கடுமையான மனச்சோர்வில், வயிற்றைக் காரணம் காட்டி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாப்பாட்டையும் உறக்கத்தையும் துறந்து, மற்ற மருந்துகளையும் ஒழுங்காக எடுக்காமல் கிடக்கும் ஒருவரின் வயிறு அதனால் நலம் பெறுவதில்லை.

புண் இப்போது திறந்திருக்கிறதா, எப்போதோ ஆறிவிட்டதா என்பதும் கணக்கை மாற்றும். திறந்திருந்தால், அமிலக் குறைப்பைத் தொடங்கிப் புண்ணை ஆறவிட்டு, கிருமி இருந்தால் அதை ஒழித்துவிட்டு, பிறகு எஸ்எஸ்ஆர்ஐயைத் தொடங்கலாம். மனநிலை காத்திருக்க விடாது என்றால் மிர்டாசபினை முன்னே கொண்டு வரலாம். கிருமி இருக்கிறதா என்று மூச்சுச் சோதனையிலோ மலச் சோதனையிலோ பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே பான்டோபிரசோல் வகையை மருத்துவரைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். கிருமிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் சிட்டலோபிராமும் இதயத் துடிப்பின் விஷயத்தில் ஒரே திசையில் இழுப்பவை என்பதால், அந்த இரண்டு வாரமும் இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது நல்லது.

எஸ்எஸ்ஆர்ஐ தொடங்கிய முதல் பத்து நாட்களில் குமட்டலும் வயிற்றுப் பிசைவும் வருவது வழக்கம். குடலில் திடீரெனக் கூடும் செரட்டோனின்தான் காரணம்; பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். புண் இருந்தவர் இதை 'அல்சர் திரும்பிவிட்டது' என்று எடுத்துக்கொண்டு மாத்திரையைத் தூக்கிப் போடுவதுதான் நான் காணும் மிகப் பொதுவான தவறு. மாதக்கணக்கில் எடுத்த பிறகு அப்படித் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும், மின்சாரம் பாய்வதைப் போன்ற உணர்வும் வந்து தனித் தொல்லையாகும். உண்மையான ஆபத்தின் அடையாளம் வேறு: தாரைப் போல ஒட்டும், நாற்றமுள்ள கறுப்பு மலம், காப்பித் தூளைப் போன்ற வாந்தி, எழுந்தால் கண் இருட்டுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த அம்மாவின் பைக்குத் திரும்புகிறேன். மனநல மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். வலி மாத்திரையும் ஆஸ்பிரினும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. செர்ட்ராலினை அவர் மாற்றவில்லை. அசெக்ளோஃபினாக்கை நிறுத்தி, வலிக்குப் பாராசிட்டமாலும் முழங்காலுக்குத் தடவும் களிம்பும் என்று முடிவாயிற்று. இதய மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினைத் தொடவில்லை. பான்டோபிரசோல் 40 மில்லிகிராம், காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, மீண்டும் தொடங்கியது. செர்ட்ராலின், பான்டோபிரசோல், சிறுநீரைக் கூட்டும் மருந்து ஆகிய மூன்றுமே வயதானவர்களின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை என்பதால், இரண்டு வாரத்தில் ஓர் இரத்தச் சோதனை எழுதப்பட்டது. இரும்பு மாத்திரையை மருத்துவர் கேட்டு அப்போதைக்கு நிறுத்தி வைத்தார். அதுவும் மலத்தைக் கறுப்பாக்கும், எது எதனால் என்று பிறகு பிரித்தறிய முடியாது.

பான்டோபிரசோலை முன்பு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "எரிச்சல் நின்னு போச்சுல்ல, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். புதிய அட்டையின் பின்புறம் நீல மையில், ஆஸ்பிரினும் செர்ட்ராலினும் உள்ளவரை மருத்துவரைக் கேட்காமல் இதை விடக்கூடாது என்று எழுதி, அவருடைய மகனிடம் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.